சீன மருந்து வாங்கித் தந்த அக்கா

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மறைக்கவேண்டிய பெயர் ஒன்றுமில்லை. எந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் வகுப்புக்கு இரண்டு பேருக்கு இருக்கக்கூடிய பெயர்தான். ஆனால் எழுதினால் நீங்கள் உடனே ஒரு முகத்தை நினைத்துக்கொள்வீர்கள். அது அவருடைய முகமாக இருக்காது.

அவருடையது சீன முகம்.

சிட்னியில், பென்டில் ஹில் பலசரக்குக் கடையில்தான் முதன்முதலில் கண்டேன். நாங்கள் டூங்கபிக்குக் குடிவந்த புதிது. காசு கட்டுகிற வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சீனப் பெண் நின்றார். கூடை நிறைய முருங்கைக்காய். பக்கத்தில் நின்ற தெரிந்த பெண்ணிடம், “உந்தச் சீனத்திக்கு இவ்வளவு முருங்கைக்காய் என்னத்துக்கு?” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவருக்கு விளங்காது என்ற தைரியம்.

அவர் காசைக் கட்டிவிட்டுத் திரும்பினார். “இன்னிக்குப் பிஞ்சா வந்திருக்கும்மா. நீங்களும் ரெண்டு எடுத்துக்கோங்க” என்றார்.

அவருடைய முகத்தில் ஒரு குத்தலைத் தேடினேன். இல்லை. உண்மையாகவே முருங்கைக்காயைப் பற்றித்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தால், எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருக்கிறார். மறுநாள் காலை வேலிக்கு அப்பால் நின்று, “பசியாறியாச்சா?” என்று கேட்டார். பசியில்லை என்றேன். காலைச் சாப்பாடு முடிந்ததா என்பதைத்தான் மலேசியாக்காரர் அப்படிக் கேட்பார்கள் என்று தெரிய எனக்குப் பல நாள் எடுத்தது.

கணவர் தமிழர், ரயில்வேயில் வேலை செய்தவர். நாங்கள் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள் மெல்பேர்னில். இவர் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்தார். தமிழரைக் கட்டியதால் தமிழ் பழகியவர் என்று நாங்களே ஒரு கதையைச் செய்து வைத்திருந்தோம். நேரில் அக்கா, அவர் இல்லாத இடத்தில் சீனத்தி. இருபது வீட்டுத் தமிழரில் ஒருவர்கூட அவரிடம் எதையும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சொல்லாமல் விடுவதுதான் அவர். யார் அவரை என்னவென்று நினைத்தாலும் அப்படியே விட்டுவிடுவார். கோயிலுக்குப் போனால், வாசலில் நிற்கிற தொண்டர் ஓடிவந்து இந்துக் கடவுள்களைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சடித்த தாளைக் கொடுப்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொடுப்பார். அவர் அதை வாங்கி, ஓரமாக நின்று முழுவதையும் வாசித்து, நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய் விழுந்து கும்பிடுவார். “அக்கா, உங்களுக்குத் தமிழே தெரியும் எண்டு சொல்லலாமே” என்று கேட்டிருக்கிறேன். “ஆசையா குடுக்குறாருலா. வேணாம்னு சொன்னா அவர் மூஞ்சி என்னாகும்?” என்றார்.

ஒருநாள் ஸ்ட்ராத்ஃபீல்டில் நாங்கள் இருவரும் ரயில் ஏறினோம். எதிரே இருந்த ஒரு சீனக் கிழவி இவரைக் கண்டதும் கதைக்கத் தொடங்கிவிட்டார். பரமட்டா தாண்டியும் விடவில்லை. அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார். இடைக்கிடை “ம்… ம்…” என்றார். கிழவி அழுதபோது கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கி நடக்கும்போது, “என்னவாம் அக்கா?” என்றேன்.

“வீட்ல மருமக சரியில்ல போல. பாவம்.”

நான் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்?

என்னுடைய கணவருக்கு நாக்கின் அடியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தது தொண்ணூறுகளின் பிற்பகுதியில். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் கட்டட வரைபடம் கீறுகிற வேலையில் இருந்தார். பெரிய கதைகாரர். அரசியலோ கிரிக்கெட்டோ, ரயிலில் பக்கத்தில் இருப்பவரின் ஸ்டேஷன் வந்தாலும் இறங்கவிடமாட்டார். அப்படிப்பட்டவரை ஏழு வாரம், கிழமைக்கு ஐந்து நாள், முகத்துக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் வலையால் மேசையோடு பூட்டிக் கரண்ட் பிடித்தார்கள். கதிர்வீச்சை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். இடையில் கீமோ வேறு.

மூன்றாம் கிழமை வாய் முழுதும் வெந்துவிட்டது. நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம், தொண்டை, எல்லாம் வெள்ளையும் சிவப்புமாகத் தோலுரிந்து கிடந்தது. எச்சில் விழுங்கக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கதிரையின் கையை இறுக்கிப் பிடிப்பார். ஆஸ்பத்திரியில் உப்பும் அப்பச்சோடாவும் கலந்த தண்ணீரால் கொப்பளிக்கச் சொன்னார்கள். வாயை மரக்கப்பண்ணுகிற ஒரு பசையும் கொடுத்தார்கள். அது கால்மணித்தியாலம் நிற்கும். நிறை மளமளவென்று இறங்கியது. இன்னும் இறங்கினால் மூக்கால் குழாய் போடவேண்டும் என்றார் டொக்டர்.

பேச முடியாததால் ஒரு கொப்பியில் எழுதிக்காட்டுவார். அன்று மாலை எழுதியது இதுதான்: குழாயும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், இனி நான் போகமாட்டேன்.

போகாவிட்டால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த நாட்களில் தொலைபேசி ஓயவில்லை. பப்பாசி இலை, மஞ்சள், தேன், நேர்த்திக்கடன் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. என்னோடு தபால் பிரிக்கும் வேலை செய்த பெண் ஒருத்தி, கீமோவில் வருகிற வாய்ப்புண்ணுக்குச் சீனரிடம் நல்ல மூலிகை இருக்கிறது, தன் மாமியாருக்கு அது கேட்டது என்றாள். அவள் சொல்லி முடிக்கும் முன்னே எனக்கு நான்கு வீடு தள்ளி இருக்கிற முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

“அக்கா, உங்கடை ஆக்களிட்டை வாய்ப்புண்ணுக்கு மருந்து இருக்காம். நீங்கள் வந்து கதைச்சு வாங்கித் தரவேணும்.”

அவர் வாசற்படியில் நின்றார். “எங்க ஆளுங்ககிட்டயா?” என்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அழுதுவிட்டேன். அவர் உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

கப்ரமட்டாவில் ஒரு ஒடுக்கமான கடை. சுவர் முழுக்க இழுத்துத் திறக்கிற சின்னச் சின்ன மர லாச்சிகள். வேரும் பட்டையும் பூவும் காய்ந்த மணம். வயதான வைத்தியர் என் கணவரை வெளிச்சத்துக்குத் திருப்பி, நாக்கை நீட்டச்சொல்லிச் சைகை காட்டினார். நீட்டியபோது இவர் நடுங்கினார். வைத்தியர் இரண்டு கைகளிலும் நாடி பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துச் சீனத்தில் பேசத் தொடங்கினார்.

நீளமாகப் பேசினார். அக்கா தலையாட்டினார். வைத்தியர் கேள்வி கேட்பதுபோல நிறுத்தியபோது அக்கா தன் கழுத்தைத் தொட்டு, மேலே மெஷின் சுற்றுவதைக் கையால் சுற்றிக்காட்டினார். வைத்தியர் அந்தக் கையையே பார்த்தார். பிறகு இன்னும் நீளமாகச் சொன்னார். ஒரு விரலை ஆட்டி எதையோ அழுத்திச் சொன்னார். லாச்சிகளைத் திறந்து நிறுத்து, மூன்று பெரிய பொட்டலம் கட்டினார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு எழுதிவைத்தார்.

“என்ன சொல்றார் அக்கா?”

“கொதிக்க வச்சு, நல்லா ஆற வச்சு, வாய்ல வச்சிருந்து துப்பணும். ஒரு சொட்டு முழுங்கக்கூடாது. ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லணும்.”

அவ்வளவு நீளமான பேச்சு தமிழில் இவ்வளவு கட்டையாகிவிட்டதே என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் போய்விட்டது. சீனமொழி அப்படியாக்கும்.

அன்றிலிருந்து அக்கா தினமும் பின்னேரம் வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மணம் வீட்டுக்குள் வராமல் கராஜில் ஒரு சின்ன அடுப்பில் காய்ச்சினார். விளக்கெண்ணெயையும் கோப்பித்தூளையும் மண்ணையும் சேர்த்து அவித்தால் வரக்கூடிய ஒரு மணம். ஆறவைத்து, தன் புறங்கையில் விட்டுச் சூடு பார்த்து, என் கணவரின் எதிரில் முக்காலியைப் போட்டு உட்காருவார். அவர் ஒரு வாய் எடுத்து வைத்துக்கொள்வார். அக்கா ஒன்று, ரெண்டு, மூணு என்று மெதுவாக எண்ணுவார். நூறு வந்ததும் கிண்ணத்தை நீட்டுவார். துப்பியதைத் தானே கொண்டுபோய் ஊற்றிக் கழுவுவார்.

“டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களாம்மா?” என்று ஒவ்வொரு நாளும் கேட்பார்.

“ஓம் அக்கா.”

நான் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு கிழமைக்குள் என் கணவர் அரைக் கிண்ணம் சவ்வரிசிக் கஞ்சி குடித்தார். புண் ஆறவில்லை. ஆனால் விழுங்கினார். மறுநாள் முழுக்கிண்ணம். கரண்ட் பிடிக்க மாட்டேன் என்று எழுதிய தாளை அவரே கிழித்தார். குழாய் போடவில்லை. ஏழு கிழமையும் முடிந்தது. நான் வேலைத்தலத்தில் கண்டவர் நின்றவருக்கெல்லாம் சீன மருந்தின் மகிமையைச் சொன்னேன்.

சிகிச்சை முடிந்து ஆறு கிழமை கழித்து ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போனோம். வாய் நன்றாக ஆறியிருந்தது. அங்கே ஹொங்கொங்கில் பிறந்த ஒரு தாதி இருந்தாள். எனக்குப் பெருமை. மிச்சம் இருந்த பொட்டலத்தைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவள் மேலே இருந்த துண்டை வாசித்தாள்.

“இது குடிக்கிற மருந்து. ஒரு நாளைக்கு இரண்டு தரம், சாப்பாட்டுக்குப் பிறகு.”

“இல்லை, இது கொப்பளித்துத் துப்புகிறது.”

அவள் திரும்ப வாசித்தாள். துப்புவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்றாள். முகம் மாறி, டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டொக்டர் ஏசவில்லை. பொட்டலத்தை விரித்துப் பார்த்தார். இதில் உள்ளவை கீமோ மருந்தோடு சேர்ந்து என்ன செய்யும் என்று தனக்குத் தெரியாது, விழுங்காமல் விட்டது நல்லது, இனி எதுவென்றாலும் முதலில் சொல்லுங்கள் என்றார். “அப்படியென்றால் இதனால்தான் விழுங்க முடிந்ததா?” என்று கேட்டேன். அதே கிழமையில்தான் நோவு மருந்தையும் கூட்டிக் கொடுத்தோம் என்றார். அதனாலும் இருக்கலாம், இதனாலும் இருக்கலாம், சொல்ல முடியாது.

திரும்பி வந்ததும் நான் வீட்டுக்குள் போகவில்லை. நேரே அக்காவிடம் போனேன். அக்கா குசினியில் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்த மருந்தைக் குடிக்கச் சொல்லியெல்லே அந்தாள் எழுதியிருக்கு!”

“அப்படியா?” என்றார். உண்மையாகவே ஊர்ப் புதினம் கேட்பவர்போல.

“அவர் சொன்னது உங்களுக்கு விளங்கேல்லையா?”

“எனக்குச் சீனம் ஒரு வார்த்த தெரியாதுமா.”

கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். பிறந்த பதினோராவது நாளில் பெற்றவர்கள் அவரை ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். பெண்பிள்ளை, அந்த நாளில் அப்படிக் கொடுப்பது அங்கே புதிதில்லையாம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார். அவருக்குத் தெரிந்த அப்பா அம்மா கறுப்பு, பாஷை தமிழ், சாமி மாரியம்மன். இதை நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார்.

“அப்ப ரயிலிலை அந்த மனிசி?”

“அழுதாங்கள்ல. வயசான பொம்பள வேற எதுக்கு அழுவா?”

“பின்னை ஏன் என்னோடை வந்தனீங்கள்? தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே! நான் வேறை ஆரையும் கூட்டிக்கொண்டு போயிருப்பன்.”

“சொல்லத்தான் வந்தேன். நீங்க அழுதுட்டீங்க.”

“கொப்பளிச்சுத் துப்பச் சொல்லி ஆர் சொன்னது?”

“நான்தான். என்னான்னு தெரியாத மருந்த முழுங்கக் குடுக்கலாமா? வாய்ல வச்சா அவ்வளவா ஆபத்து இருக்காதுன்னு நெனச்சேன். நானா நெனச்சதுதான்.”

“குடிச்சிருந்தா இன்னும் கெதியாச் சுகம் வந்திருக்குமோ என்னவோ!”

“வந்திருக்கலாம்மா.”

“இல்லாட்டி ஏதும் நடந்திருந்தா?”

“அதுவும் நடந்திருக்கலாம்.”

அவர் வாதாடியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். அழுதிருந்தால் மன்னித்திருப்பேன். இரண்டும் செய்யவில்லை. மெதுவாகக் கேட்டார்: “டாக்டருக்கு இன்னிக்குத்தான் தெரியுமாம்மா?”

நான் எழும்பி வந்துவிட்டேன்.

என் கணவர் முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது. கரகரவென்று, வேறு யாருடையதோ மாதிரி. நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேப்பரை மடித்தார்.

“எனக்குத் தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“அவவுக்குச் சீனம் தெரியாது எண்டு. ரெண்டாம் நாளே சொன்னவ. நீர் குசினிக்குள்ளை நிண்டனீர். ‘எனக்கு அந்த மனுசன் சொன்னது ஒண்ணும் புரியல, இது என்னா மருந்துன்னும் தெரியாது, வேணாம்னா தலைய ஆட்டுங்க, கொண்டுபோய்க் கொட்டிடுறேன்’ எண்டு கேட்டவ.”

“நீங்கள்?”

“வாயைத் திறந்தனான்.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். “எனக்கு ஏன் சொல்லேல்லை? கதைக்க ஏலாட்டி எழுதியிருக்கலாமே.”

“உமக்கு அந்த மருந்திலைதான் நம்பிக்கை இருந்தது. அதையும் பறிக்க விருப்பமில்லை.” பிறகு, “வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்தருக்கும் எனக்கு என்ன செய்யவேணும் எண்டு தெரிஞ்சிருந்தது. அவ ஒருத்திதான் தெரியாது எண்டவ. சொல்லிப்போட்டு எண்ணத் தொடங்கினா. அவ எண்ணி முடிக்கு மட்டும் நோவை மறந்து எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு இருந்தனான்” என்றார்.

என்னைச் சுற்றி எனக்குத் தெரியாமல் இரண்டு பேர் இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு உண்மையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒருவர் பேச முடியாதவர். மற்றவர் யாரையும் திருத்தாதவர். ஆனால் என் கணவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ரயில் கிழவிக்குச் சொல்லாததை, கோயில் தொண்டருக்குச் சொல்லாததை, எனக்குச் சொல்லாததை. கோபப்படுவதா, வெட்கப்படுவதா, நன்றி சொல்வதா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாதபோது மனிதர் செய்வதையே நானும் செய்தேன். போவதைக் குறைத்துக்கொண்டேன். அவர் “பசியாறியாச்சா?” என்று கேட்டபோது ஓம் என்றேன். இரண்டு வருடத்தில் வீட்டை விற்றுவிட்டு மெல்பேர்னுக்கு மகளிடம் போய்விட்டார். போகிற அன்று என் கணவர்தான் பெட்டிகளை ஏற்றிவிட்டார். நான் வேலைக்குப் போயிருந்தேன். லீவு எடுத்திருக்கலாம்.

என் கணவருக்குப் புற்றுநோய் திரும்பவேயில்லை. ஒன்பது வருடம் நன்றாக இருந்தார், பழையபடி கதைத்தார். கடைசியில் இதயம் ஒருநாள் காலையில் சொல்லாமல் நின்றுவிட்டது.

அக்காவுக்கு நான் அறிவிக்கவில்லை. யார் சொன்னார்களோ தெரியாது. செத்தவீட்டு மண்டபத்தில் கிரியைகள் பாதி நடந்துகொண்டிருந்தபோது பின்வாசலால் வந்தார். நன்றாக வயது போயிருந்தது. வெள்ளைச் சேலை. நெஞ்சில் ஒரு கறுப்புத் துணித்துண்டு குத்தியிருந்தது.

பக்கத்தில் வந்து இருந்தபோது, “முன்னாடியே வந்துட்டேன்மா” என்றார் மெதுவாக. வாசலில் நின்ற என் கணவரின் பெறாமகன், அவருடைய அண்ணனின் பிள்ளை, ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாக, அடுத்த மண்டபத்துக்கு வழி காட்டியிருக்கிறான். அங்கே ஒரு சீனக் குடும்பத்தின் மரணச் சடங்கு. அவர்கள் இவரை முன்வரிசையில் இருத்தி, அந்தத் துணியைக் குத்திவிட்டு, ஒரு பெண் இவருடைய தோளில் சாய்ந்து அழுதிருக்கிறாள்.

“எந்திரிச்சு வர முடியல” என்றார். “அரை மணி நேரம் ஆயிடுச்சு. யாருன்னே தெரியாது. நானும் அழுதுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னவோ போல இருந்தது. செத்தவீட்டில், புருஷனின் பெட்டிக்கு முன்னால் இருந்து வாயைச் சேலையால் பொத்திக்கொண்டேன். பார்த்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவினார்கள்.

ஐயர் வாய்க்கரிசிக்கு அழைத்தார். “உரித்துக்காரர் மட்டும் வாங்கோ” என்றார். என் கணவரின் தங்கைமார் எழும்பினார்கள். நான் எழும்பும்போது அக்காவின் கையையும் பிடித்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், “உவ ஆர்?” என்று கேட்டது. மச்சாள் என்னைப் பார்த்தாள். பெட்டியடிக்குப் போய், அரிசித் தட்டை அக்காவின் பக்கம் நீட்டினேன்.

அவர் என் காதருகில் குனிந்து, “நான் போடலாமாம்மா?” என்று கேட்டார்.

“தெரியாது அக்கா” என்றேன். “போடுங்கோ.”

எல்லோரும் கை கொண்ட மட்டும் அள்ளிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர் நாலைந்து அரிசியை மட்டும் விரல் நுனியில் எடுத்து, குனிந்து, உதட்டின் ஓரத்தில் நோகாமல் வைத்தார்.